தங்கத் துகள் காட்டும் புரதம்: கேள்வி பதில்

திசுவில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதை, ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) பூசிய தங்க நானோ துகள்களின் ஒளிச்சிதறலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதற்கான இருண்ட புல நுண்ணோக்கி (நேரடி ஒளியைத் தடுத்து, சிதறிய ஒளியை மட்டும் காட்டுவது) பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

கோவை, முதுகலை மாணவி: அக்கா, ஒளிரும் சாயம் இருக்கத் தங்கம் எதற்கு?

சாயம் ஒளி படப்பட மங்கிவிடும், அம்மணி. தங்கம் ஒளியைச் சிதறடிப்பதால் எத்தனை நேரம் பார்த்தாலும் மங்காது. 60 நானோமீட்டர் துகள் கரிய பின்னணியில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நுண்ணோக்கியின் பிரிதிறன், அதாவது இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் எல்லை, சுமார் 250 நானோமீட்டர்தானே என்பீர்கள். மருதமலை விளக்கை இரவில் தொலைவிலிருந்து பார்த்தால் அதன் வடிவம் தெரியாது, இடம் தெரியும். அதுபோலத்தான் இதுவும். ஆனால் நெருங்கிய இரு துகள்கள் ஒரே புள்ளியாகிவிடும். எண்ணும்போது கவனம் வேண்டும்.

பெருந்துறை, ஆய்வக உதவியாளர்: பெரிய துகளே நல்லதா?

விட்டம் மும்மடங்கானால் சிதறல் ஏறக்குறைய 700 மடங்காகும். ஆனால் பெரிய துகள் திசுவுக்குள் நுழையாது. 40 முதல் 60 நானோமீட்டர் என் தேர்வு.

திருப்பூர், ஆய்வு மாணவர்: போர் தண்ணீரில் கழுவிய குடுவையில் ஊற்றியதும் சிவப்புக் கரைசல் நீலமாகிவிட்டது. மீட்க முடியுமா?

முடியாது, தம்பி. துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த மின்னூட்டத்தை நீரிலுள்ள உப்பு மறைத்துவிட்டது, அவை திரண்டுவிட்டன. கொட்டிவிடுங்கள். சிறுவாணித் தண்ணீரும் வேண்டாம். அயனி நீக்கிய நீர் மட்டும். ஆன்டிபாடி பூசிய பின் சிறிதளவு எடுத்து உப்புக் கரைசல் சேருங்கள். சிவப்பாகவே நின்றால் பூச்சு முழுமை.

பொள்ளாச்சி, நோய்க்குறியியல் மருத்துவர்: சிலைடு முழுக்க மினுமினுக்கிறது. எது தங்கம்?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கொலாஜன் நார், உட்கரு விளிம்பு, கரையாமல் நின்ற பாரஃபின், தூசி எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். அவை பெரும்பாலும் வெண்மையாக, ஒழுங்கற்றுத் தெரியும். தங்கம் நிறத்தோடு, வட்டப் புள்ளியாகத் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள். முதல் ஆன்டிபாடி (புரதத்தை நேரடியாகப் பற்றுவது) இல்லாத ஒரு செக்‌ஷன், அந்தப் புரதமே இல்லாத ஒரு திசு, நிச்சயம் உள்ள ஒரு திசு மூன்றையும் அதே நாளில், அதே கரைசலில் செய்யுங்கள். முதலிரண்டில் ஒன்றிலாவது பச்சைப் புள்ளிகள் நிறைந்திருந்தால் உங்கள் முடிவு செல்லாது. ஒரு நோயாளியின் சிகிச்சை இதை நம்பி நிற்கலாம். பின்னணியே வெளுத்திருந்தால் ஆப்ஜெக்டிவின் (சிலைடுக்கு அருகிலுள்ள லென்ஸ்) ஐரிஸை, அதாவது ஒளித்துளையை, சுருக்குங்கள். நேரடி ஒளி உள்ளே வருகிறது.

கோபி, பள்ளி ஆசிரியர்: எங்கள் நுண்ணோக்கியில் செய்யலாமா?

தனித் துகளுக்கு எண்ணெய் வைக்கும் இருண்ட புல கண்டென்சர் (சிலைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) வேண்டும். தத்துவத்தைக் காட்டப் பள்ளி நுண்ணோக்கியே போதும். கண்டென்சரின் அடியில் நடுவாகக் கறுப்புக் காகித வட்டு வைத்து, 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் தடப்பள்ளி வாய்க்கால் நீரைக் காட்டுங்கள். வட்டு சிறிதானால் பின்னணி கருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.