ஸ்கோரை மூடி வைத்துவிட்டு மேட்ச்சைப் பாருங்கள்: கேள்வி பதில்

சேலத்தில் இருபது வருடமாகப் பையன்களுக்கும் பெண்களுக்கும் கால்பந்து சொல்லித் தருகிறேன். மேட்ச் முடிந்த பிறகு ஒரு அணியின் ஆட்டத்தை எப்படி அலசுவது என்று கேட்பவர்கள் கேட்கலாம் என்றேன். நிறைய வந்துவிட்டது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே மேட்ச்சைத்தான் எடுத்திருக்கிறேன்: 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். சென்னையின் எஃப்சி அணி 3, பெங்களூரு எஃப்சி அணி 2. ரயிலேறிப் போய் நேரில் பார்த்தேன். அப்புறம் பதிவை நான்கு முறை பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்: மேட்ச் முடிந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் சார்?

எதையும் பார்க்க வேண்டாம் தம்பி, தூங்குங்கள். ஜெயித்த இரவில் எல்லாரும் நன்றாக ஆடியதாகத் தெரியும், தோற்ற இரவில் ஒருவருமே ஆடாததாகத் தெரியும். மறுநாள் காலையில் முழு ஆட்டத்தையும் போடுங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் பந்து கோலுக்கு வந்த கதை மட்டும்தான் இருக்கும், வராமல் தடுத்தவன் இருக்க மாட்டான்.

என் நோட்டில் ஒரு மேட்ச்சுக்கு ஒரு பக்கம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை, ஆக ஆறு வரிசை. மூன்று கட்டம்: பந்தை எங்கே பிடுங்கினோம், எங்கே விட்டோம், விட்ட நொடியில் நம் ஆட்கள் எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் இருந்தார்கள். இந்த மூன்றாவது கட்டம்தான் உயிர்.

9-வது நிமிடத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் போட்ட கோலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சேத்ரியைத்தான் பேசினார்கள். நீங்கள் பின்னால் ஓட்டி, அவருடைய அணியின் உதாந்தா சிங் வலது பக்கம் ஓடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவரை எதிர்கொண்ட பேக்குக்கு, அதாவது ஓரத்தில் தடுத்து ஆடுபவருக்கு, துணையாக யார் வந்தார்கள்? நடுவில் நின்றவர்கள் எத்தனை பேர் பந்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் சேத்ரியைப் பார்த்தார்கள்? கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) வருவதற்கு முன்பே கோலுக்கான காரணம் அந்தப் படத்துக்குள் இருக்கும்.

சூரமங்கலம்: பந்து அதிக நேரம் யாரிடம் இருந்ததோ அந்த அணிதானே நன்றாக ஆடியது?

இல்லை. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்ற பிரேசிலிடம்தான் பந்து அதிக நேரம் இருந்தது. கோலை நோக்கி அதிக முறை அடித்ததும் அவர்கள்தான். 2018-ல் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் 1,000-க்கும் மேல் பாஸ் போட்டு, 1-1 என்று நின்று, பெனால்டியில் வெளியேறியது. பொசெஷன் என்பது பந்து யாரிடம் இருந்தது என்று மட்டும் சொல்லும். எங்கே இருந்தது, எதிரணி விட்டுக்கொடுத்ததால் இருந்ததா என்பதைச் சொல்லாது. பின்வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டு சென்டர் பேக்குகள் தங்களுக்குள் நூறு பாஸ் போட்டாலும் அது கணக்கில் சேரும்.

ஏற்காடு: எங்கள் மைதானத்துக்கு மேலே ஒரு ரோடு போகிறது. அங்கிருந்து மொபைலில் எடுத்தால் உதவுமா அண்ணா? பனி வந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

உதவுமா என்று கேட்கிறீர்களே, கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்! தொழில்முறை கிளப்புகள் உயரமான கம்பம் நட்டு கேமரா வைப்பதே அந்த ஒரு பார்வைக்காகத்தான். தரை மட்டத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே கும்பலாகத் தெரிவார்கள். மேலிருந்து பார்த்தால் டிஃபென்ஸ் வரிசைக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே எத்தனை கெஜம் காலியாகக் கிடக்கிறது என்று தெரியும். மொபைலைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பந்தோடு சேர்த்து கேமராவைத் திருப்பாதீர்கள், ஜூம் செய்யாதீர்கள். பனிக்குக் காலை எட்டரைக்கு மேல் ஆரம்பிப்பதுதான் வழி.

ஏற்காடு, இன்னொருவர்: இந்த உயரத்தால் வெளியூர் அணிகளுக்கு மூச்சு வாங்குமா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். லேசாக வித்தியாசம் தெரியலாம், தோல்விக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர். 2009-ல் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அங்கே 1-6 என்று தோற்றது. அந்த உயரத்தில்தான் இதைப் பேச வேண்டும்.

ஓமலூர்: எக்ஸ்ஜி என்கிறார்களே, அதை நம்பலாமா?

ஒரு இடத்திலிருந்து, ஒரு விதமாக அடித்த அடி, இதுவரை எத்தனை முறை கோலாகியிருக்கிறது என்ற சராசரிதான் எக்ஸ்ஜி. பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல். நாற்பது கெஜத்திலிருந்து அடித்தால் நூறில் ஒன்றிரண்டு. பத்துப் பதினைந்து ஆட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை சொல்லும். ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். கோலுக்கு முன்னால் ஒரு கால் நீளம் தவறிப்போன கிராஸ் அதில் பூஜ்யம். யாரும் அடிக்கவே இல்லையே.

செவ்வாய்ப்பேட்டை: 60 சதவீதம் பந்து வைத்திருந்தும் தோற்பது ஏன்?

சூரமங்கலத்துக்குச் சொன்ன பதில்தான்.

கொண்டலாம்பட்டி: முட்டி வலியோடு ஆடலாமா?

எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை பந்தைத் தொடாதீர்கள்.

மேட்டூர்: அந்த 2018 இறுதியில் பெங்களூருதான் நல்ல அணி. சென்னையினுக்கு இரண்டு கார்னர் அதிர்ஷ்டத்தில் விழுந்தது. இதை ஒத்துக்கொள்வீர்களா?

பாதியை ஒத்துக்கொள்கிறேன். லீக்கில் 18 ஆட்டத்தில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் 32. சீசன் முழுவதும் நல்ல அணி பெங்களூருதான், சந்தேகமே இல்லை. ஆனால் கார்னரை அதிர்ஷ்டம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

17-வது நிமிடம், 45-வது நிமிடம். இரண்டு முறையும் சென்னையின் அணிக்குக் கார்னர் எடுத்தவர் கிரகரி நெல்சன், தலையால் போட்டவர் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ். பெரிய லீக்குகளில்கூட நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல்தான் வரும். அதனால் ஒரே பாதியில் இரண்டு என்றால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். சரி, நான்கு நாள் பின்னால் போங்கள். மார்ச் 13, சென்னையில் கோவாவுக்கு எதிராக இதே சென்னையின் அணி ஆடிய அரையிறுதி. ஜேஜே போட்ட முதல் கோல் நெல்சன் கிராஸில் வந்த ஹெடர். தனபால் கணேஷ் போட்ட இரண்டாவது, நெல்சன் ஃப்ரீ கிக்கில் வந்த ஹெடர். ஒரே ஆளின் காலிலிருந்து நான்கு நாளில் நான்கு ஹெடர் கோல். இதற்குப் பெயர் பயிற்சி.

போன மாதம் எங்கள் பெண்கள் அணிக்குக் கார்னர் சொல்லிக்கொடுத்தேன். கோலுக்கு ஆறு கெஜத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டேன். பந்து அங்கே வரும்போது தலையால் போட வேண்டிய பெண்ணும் அங்கே இருக்க வேண்டும், முன்பே போய் நிற்கக் கூடாது. அடிப்பவள் கால் தூக்கியதும் கிளம்பினால் பந்து பின்னந்தலைக்கு மேலே போகிறது. பந்து காலை விட்டதும் கிளம்பினால் நெற்றிக்கு நேராக வருகிறது. அரை நொடி வித்தியாசம். அது உடம்பில் ஏற நாற்பது தடவை ஆனது, நெற்றி சிவந்துவிட்டது. நாற்பத்தொன்றாவது தடவை வலைக்குள் போனபோது வெளியே நின்ற ஒருவர் “லக்கு” என்றார்.

ஆத்தூர்: அப்போ பெங்களூரு டிஃபென்ஸ் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதுதான். முதல் ஹெடர் 17-ல். அடுத்தது 45-ல். நடுவில் 28 நிமிடம். அதே கார்னர்காரர், அதே தலை. முதல் கோலை எதிரணியின் திறமை என்று விடலாம். இரண்டாவது கோலை அப்படி விட முடியாது. ஆட்டம் நடக்கும்போதே யாராவது ஒருவர், “அடுத்த கார்னரில் இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், அவன் ஓடும் வழியில் நீ நில்” என்று மாற்றியிருக்க வேண்டும்.

மேட்டூர், மறுபடியும்: பெங்களூருவின் மிகு 92-வது நிமிடத்தில் ஒன்று போட்டார். கடைசியில் முழுக்க பெங்களூருதான் அடித்து ஆடியது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் கதையே வேறு.

சார், 67-ல் ரஃபேல் அகஸ்டோ சென்னையின் அணிக்கு மூன்றாவதைப் போட்ட பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறீர்கள். 3-1 என்று முன்னால் நிற்கும் அணி பின்வாங்கி நிற்கும், இரண்டு கோல் வேண்டியவன் மேலேறி வருவான். அந்த நேரத்தில் எந்த அணியும் அப்படித்தான் தெரியும். அதனால்தான் ஸ்கோர் மாறும் இடத்தில் கோடு போட்டு ஆட்டத்தை வெட்டிப் பார்க்கச் சொல்கிறேன். 0-0 இருந்தது ஒன்பது நிமிடம். சென்னையின் அணி 0-1 பின்தங்கி இருந்தது எட்டு நிமிடம். 1-1 இருபத்தெட்டு நிமிடம். 2-1 இருபத்திரண்டு நிமிடம். ஒவ்வொரு துண்டையும் தனியாக எழுதுங்கள். இரண்டு பேரும் சமமாக நின்ற அந்த இருபத்தெட்டு நிமிடத்தில் யார் யாரைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்பதை வைத்துத்தான் நீங்களும் நானும் வாதாட வேண்டும், கடைசி இருபது நிமிடத்தை வைத்து அல்ல.

ஆத்தூர்: மூன்று பாஸுக்குள் பெரும்பாலான கோல் வந்துவிடுகிறதாமே. அப்போ நீளமாக அடிப்பதுதானே சரி?

பழைய கணக்கு அது. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆடிய மேட்ச்சில் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தவர் சார்ல்ஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்குப் பார்த்தவர். அவர் உழைப்புக்கு என் வணக்கம் உண்டு. முடிவில்தான் ஓட்டை. ஆட்டத்தில் பந்து கைமாறுவதே பெரும்பாலும் மூன்று பாஸுக்குள்தான். ஆகவே கோலும் அங்கேதான் அதிகம் இருக்கும். நூறு முறை நிறைய பாஸ்களை நீண்ட கோவையாகக் கோத்து ஆடினால் எத்தனை கோல், நூறு முறை குறுகியதாக ஆடினால் எத்தனை என்று விகிதம் பார்த்தால், நீண்ட கோவைதான் முன்னால் நிற்கிறது.

அம்மாபேட்டை: தோற்றால் கோச்சை மாற்றலாமா?
இரும்பாலை: கோச்தானே முழுக் காரணம்?
நெத்திமேடு: இந்தக் கோச் போதாது, சரிதானே?

ஒரே பதில். ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் சொன்னதைப் பையன்கள் செய்யவில்லையா, செய்தும் பலிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். ஹைலைட்ஸில் அது தெரியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: ஃபேன்டஸி ஆப்பில் யாரை எடுக்கலாம்?

பணம் கட்டும் விஷயத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

சூரமங்கலம், வேறொருவர்: பொசெஷன்...

மேலே இரண்டு முறை இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

அம்மாபேட்டை, பத்தாம் வகுப்பு மாணவி: நான் ரைட் பேக் ஆடுகிறேன். டிவியில் பந்தைத்தான் காட்டுகிறார்கள். என் இடத்தில் ஆடுபவரை எப்படிப் பார்ப்பது சார்?

இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான் பாப்பா. நானும் ரைட் பேக். பந்து இடது பக்கம் இருக்கும்போது டிவியின் ஓரத்தைப் பார். அந்த ஓரத்தில் உன் ஆள் தெரிகிறாரா? தெரிந்தால் உள்ளே ஒடுங்கி வந்து நிற்கிறார் என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் கோட்டோரம் அகலமாக நிற்கிறார். ஒவ்வொரு முறையும் நோட்டில் “உள்ளே”, “வெளியே” என்று மட்டும் எழுது. அடுத்து, பந்து பறிபோகும்போது அவர் முதலில் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனி. நல்ல பேக் பந்தைப் பார்ப்பதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிடுவார். பத்து நிமிடத்தில் எத்தனை தரம் பார்க்கிறார் என்று எண்ணு.

ஞாயிறு காலை ஆறரைக்கு காந்தி ஸ்டேடியத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வா. மேட்டூர் சாரும் வரலாம். அந்த இருபத்தெட்டு நிமிடத்தை லேப்டாப்பில் போட்டு வைக்கிறேன்.