மேளக்காரர் ரசம் கேட்கலாமா?

கேள்வி: தை மாதம் என் மூத்த மகளுக்குத் திருமணம். காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். டிபனில் 9 வகை, சாப்பாட்டு இலையில் 23 வகை. பந்தி நடக்கும்போது நாதஸ்வரம் வாசித்தவர் என் அக்காவிடம் போய், "வீட்டுல வெச்ச ரசம் இருந்தா கொஞ்சம் சோறு போடுங்கம்மா, அது போதும்" என்று கேட்டிருக்கிறார். அக்கா வீடு மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு. மேளக்காரர்கள் ஐந்து பேரையும் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுவிட்டார். கேட்டரிங்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? காசுக்கு வந்தவர்கள் இப்படிக் கேட்கலாமா? 5 இலை வீணானதற்காகப் பேசிய தொகையில் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டேன். செய்தது சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். உங்கள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மண்டபத்தில் மேளக்காரருக்கும் வயிறு உண்டு என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

6 மணிக்கு முகூர்த்தம் என்றால் நாலரைக்கே வந்து தவில் உறையைப் பிரித்திருப்பார்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கும் அவர்களே வாசித்திருந்தால் தூங்கியது எத்தனை மணி நேரமோ! ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்குக் கல்யாண வரும்படி கிடையாது. அதனால் தையில் வருகிற எந்த முகூர்த்தத்தையும் விட முடியாது. நேற்று பாபநாசம், இன்று நீங்கள், நாளை மன்னார்குடி. உங்கள் விருந்தாளிகளுக்கு மண்டபச் சாப்பாடு என்றைக்கோ ஒரு நாள். இவர்களுக்கு சீசன் முழுக்க அதுதான். ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், ரெண்டு ஸ்வீட், ஐஸ்கிரீம் என்று வாரத்தில் நாலு நாள் உள்ளே போனால் எந்த வயிறு தாங்கும்?

நமக்கு வயிறு கெட்டால் ஒரு நாள் லீவு. நாதஸ்வரக்காரருக்குத் தொழிலே வயிற்றில்தான் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்களே, 2022இல் புவிசார் குறியீடு கூட வாங்கியதே, அந்த வாத்தியம் ஏறக்குறைய மூன்றடி நீளம். அத்தனை நீளத்துக்கும் அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். அதன் தலையில் செருகுகிற சீவாளி காவிரிக்கரைக் கொறுக்கை என்ற நாணல் தட்டையில் செய்தது. உதட்டுக்கு நடுவே அது லேசாக அதிர்ந்தால்தான் நாதம். புரோகிதர் கை எப்போது உயரும் என்று ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்து, உயர்ந்த கணத்தில் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். தும்மலோ வேண்டாத பேச்சோ தாலி கட்டும் நேரத்தில் காதில் விழக் கூடாது என்றுதானே அந்த முழக்கம்? இவ்வளவும் முடித்துவிட்டு ஒருவர் ரசம் கேட்கிறார். அது அவர் மறுநாள் வாசிப்பதற்கு வேண்டிய சாப்பாடு.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்தி நெரிசல் என்று மேளக்காரர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அன்றைக்கு வைத்திருந்தது சுண்டைக்காய் வத்தக்குழம்பு, கீரை மசியல், சுட்ட அப்பளம், மிளகு ரசம். தவில்காரர் உட்கார்ந்ததும் இலையில் கை வைக்கவில்லை. வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். துணியைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிக் கல் மாதிரி காயவைத்தவை. இடது கைக்குக் கழி, வலது கைக்கு இந்தக் கூடு.

"மண்டபத்துல, 'ஊஞ்சலுக்கு நேரமாச்சு, சட்டுனு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாங்க'ம்பாங்க தம்பி. இதைக் கழட்டி, கையைக் கழுவித் தின்னுட்டு, ஈரம் காய்ஞ்சு மறுபடி மாட்டணும். பாதி நாள் காபியோட போயிடும்" என்றார்.

நாதஸ்வரக்காரர் பெரியவர். இரண்டாம் முறை ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "இதுல பருப்புத் தண்ணி விடலியேம்மா?" என்று கேட்டார். "விட்டா மிளகு அமுங்கிடும்" என்றார் அம்மா. கேள்வி கேட்டவரை அம்மா சும்மா விடவில்லை. ஊஞ்சலின்போது வாசித்தது என்ன ராகம் என்று பதிலுக்குக் கேட்டார். ஆனந்தபைரவி என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல் நாலு வரி முனகிக் காட்டினார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. முன்பெல்லாம் மாப்பிள்ளை அழைப்பில் தோடியை எடுத்தால் ஊர்வலமே தெருமுனையில் நின்றுவிடுமாம். இப்போது பின்னால் வரும் காருக்கு வழி விடச் சொல்லி ஹாரன் அடிக்கிறார்களாம். சினிமாப் பாட்டு கேட்பதில் வருத்தமில்லையாம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் வேறு பாட்டைப் போட்டுவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லையாம்.

ஆகிரி ராகத்தைக் காலையில் எடுத்தால் அன்று முழுக்கச் சோறு கிடைக்காது என்று சங்கீதக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நிஜம்தானா என்று கேட்டேன். "நான் ஆகிரி எடுத்து வருஷக்கணக்காச்சு தம்பி. சோறு கிடைக்காத கல்யாணம் அப்பவும் வரத்தான் செய்யுது" என்றார். தவில்காரருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "காசுக்கு வந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோக்காரரும் காசுக்கு வந்தவர்தான். பெண்ணுக்கு மேக்கப் போட்டவரும் அப்படித்தான். "சர்க்கரை இல்லாமல் ஒரு காபி" என்று அவர் கேட்டிருந்தால் நீங்களே ஓடிப்போய் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். மேளக்காரர் கேட்டால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

இந்த உறுத்தல் புதிதல்ல. சுயமரியாதை இயக்கம் சூடாக இருந்த காலத்தில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறார். அவர் தோளில் துண்டு கிடந்தது அங்கிருந்த பெரிய மனிதர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை, எடுக்கச் சொன்னார்கள். வேர்வை துடைக்க வைத்திருந்த துண்டு அது. எடுக்கக் கூடாது என்று அவருக்காக அங்கே மல்லுக்கு நின்றவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டு மாட்டிக்கொண்டு சபையில் வந்து உட்கார்ந்தாரே, அதுவும் வெறும் ஆடம்பரத்துக்காக இல்லை. உங்கள் மண்டபத்தில் துண்டை யாரும் பறிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் இன்னதைத்தான் கேட்கலாம், கேட்கக் கூடாது என்ற கணக்கை நீங்கள் இன்னும் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கேட்டரிங்காரர் முகத்தைப் பற்றிய கவலை வேண்டாம். அடுத்த முறை பந்தி ஓய்ந்ததும் சமையல்கட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். 23 வகையும் செய்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக ஒரு ரசமோ மோர்க்குழம்போ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதிலிருந்து ஐந்து பேருக்குக் கூடுதலாக வைக்கச் சொன்னால் அவர் முகம் சுளிக்கப்போவதில்லை. நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் இரண்டாவது மகளுக்கு நாள் பார்த்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லபடியாக நடக்கட்டும். மேளக்காரர்கள் வந்து இறங்கியதும் காபி, ஐந்தேகாலுக்குள் நாலு இட்லி. முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியிலேயே ஐந்து இலை அவர்களுக்கு. அவர்கள் சாப்பிடும் நேரத்தில் நலங்கு, ஊஞ்சல் என்று எதையும் வைக்காதீர்கள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள். பேசிய பணத்தைக் கிளம்பும் முன் வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிடுங்கள், வாசலில் நிற்க வைத்து எண்ண வேண்டாம்.

பிடித்த 1,000 ரூபாய்? சரியில்லை. அவர் நம்பர் உங்கள் போனில் இருக்கும், இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மனசு வரவில்லை என்றால் ஆவணி முகூர்த்தத்துக்கு நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள். அது ரசம் கேட்காது. புரோகிதர் கை உயர்வதையும் பார்க்காது.