பணம் கொடுத்துப் பேப்பர் போடலாமா என்று கேட்ட ஒரு டி.ஓ. மாணவனின் அம்மாவுக்கு

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. பையன் அமெரிக்காவில் டி.ஓ. (அங்கே எம்.டி. போலவே டாக்டராக்கும் ஆஸ்டியோபதி மருத்துவப் படிப்பு) இரண்டாம் வருஷம், எம்.டி. படிக்கிற சித்தப்பா பெண்ணின் கணக்கில் அதற்குள் பன்னிரண்டு பப்ளிகேஷன், இவன் கணக்கில் பூஜ்யம், யாரோ ஒருவர் பணம் கொடுத்தால் ஜர்னலில் பெயர் வரவைத்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்தப் பன்னிரண்டு. ரெசிடென்சி மேட்ச் (படிப்பு முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி இடம் ஒதுக்கும் முறை) புள்ளிவிவரங்களில் அப்ஸ்ட்ராக்ட் எனும் ஆய்வுச் சுருக்கம், போஸ்டர், மேடைப் பேச்சு, அச்சில் வந்த கட்டுரை எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் போடுகிறார்கள். ஒரே வேலையை மூன்று மாநாட்டில் போஸ்டராக ஒட்டி, பிறகு கட்டுரையாக எழுதினால் நான்கு. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் பாருங்கள், எத்தனை வருகிறது என்று தெரிந்துவிடும். (தேடியதை அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.)

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2020-இல் எம்.டி., டி.ஓ. இரண்டு பக்க ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. 2022-இல் டாக்டர் உரிமத்துக்கான முதல் கட்டத் தேர்வுகளான யூ.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1, டி.ஓ.க்களுக்கான காம்லெக்ஸ் லெவல் 1 இரண்டிலும் மதிப்பெண் போய் பாஸ், ஃபெயில் மட்டும் நிற்கிறது. முன்பு பெரிய மதிப்பெண்ணைக் காட்டித் தப்பித்த பையன்கள் இப்போது வேறு எதையாவது காட்ட வேண்டியிருக்கிறது. தோல் மருத்துவம், ஆர்த்தோ, நியூரோசர்ஜரி என்று கனவு இருந்தால் ஆராய்ச்சி இல்லாமல் கஷ்டம்தான். ஃபேமிலி மெடிசின் என்றால் இவ்வளவு பதற்றம் தேவையே இல்லை. அவனுக்கு எது வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதைக் கேட்டீர்களா?

டி.ஓ. கல்லூரிகளில் ஒரு நிஜமான சிக்கல் உண்டு. பலவற்றுக்குச் சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, மூன்றாம் வருஷம் பிள்ளைகளை எங்கெங்கோ இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் கண்ணில் படுவதே அபூர்வம். அமெரிக்க அரசின் என்.ஐ.எச். அமைப்பு தரும் ஆராய்ச்சிப் பணமும் இந்தக் கல்லூரிகளுக்கு மிகக் குறைவாகவே போகிறது. ஆகவே வழிகாட்டியை அவனேதான் தேடிப் போக வேண்டும், அதுவும் இந்த வருஷமே.

ஆனால் எம்.டி. பையன்களுக்குக் கிடைக்காத ஒரு வயல் இவன் வாசலிலேயே கிடக்கிறது, தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, நீட்டிச் செய்யும் அந்த ஓ.எம்.டி. சிகிச்சை. ஆஸ்டியோபதியை உருவாக்கிய ஏ.டி. ஸ்டில் 1892-இல் மிசௌரி கிர்க்ஸ்வில்லில் கல்லூரி தொடங்கினார், 1901-இலிருந்து இந்தத் துறைக்குச் சொந்தமாக ஓர் ஆய்விதழ் இருக்கிறது (2021-இல் 'ஜர்னல் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்' என்று பெயர் மாறியது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்). இவ்வளவு காலம் ஆகியும் அடிப்படைக் கேள்விகளுக்கே உறுதியான பதில் இல்லை. 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அடிமுதுகு வலி ஆய்வில் இந்தச் சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன, மருந்து மட்டும் குறைவாகத் தேவைப்பட்டது. 2021-இல் பிரான்ஸிலிருந்து வந்த, இதே வலியுள்ள 400 பேரை வைத்துச் செய்த ஆய்வு, போலிச் சிகிச்சையைவிட வித்தியாசம் உண்டு, ஆனால் நோயாளிக்கு உறைக்கும் அளவுக்கு இல்லை என்றது. பிரான்ஸ், இங்கிலாந்து பக்கமெல்லாம் ஆஸ்டியோபத் என்றால் பெரும்பாலும் டாக்டர் இல்லை என்பதையும் அவன் படிக்கும்போது நினைவில் வைக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2010-இல் வந்த நிமோனியா ஆய்வு. 406 பேர், மூன்று பிரிவு: ஒன்றுக்கு முழுச் சிகிச்சை, ஒன்றுக்குச் சும்மா மெதுவாகத் தொடுதல், ஒன்றுக்கு மருந்து மட்டும். சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுத்தால் பெரிய வித்தியாசமில்லை. சிகிச்சையை ஒழுங்காக முடித்தவர்களை மட்டும் பிரித்து எடுத்தால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குறைந்திருந்தன. அந்த இரண்டாவது வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய. ஏன் அப்படிக் காட்டக் கூடாது என்று இன்டர்வியூவில் இரண்டு நிமிஷம் பேசத் தெரிந்தால் போதும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். போலிச் சிகிச்சையை எப்படி வடிவமைப்பது என்பதே இங்கே பெரிய தலைவலி: மாத்திரைக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுக்கலாம், கைக்குப் பதில் எதைக் கொடுப்பது? தொடுகிற டாக்டருக்கு உண்மை தெரியுமே.

சரி, என்ன செய்யட்டும்? கல்லூரியில் இந்தக் கைச் சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கும் ஓ.எம்.எம். துறைக்குப் போகட்டும். அங்குள்ள ஒருவருடைய மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு ஐந்து வரியில் மெயில் போடட்டும், "உங்கள் ஆய்வில் தகவல் சேகரிக்க ஆள் வேண்டுமா" என்று. ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியை ஆன்லைனில் முன்கூட்டியே முடித்து வைத்தால் நல்லது, ஐ.ஆர்.பி. எனும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் ஓடிவிடும். கேஸ் ரிப்போர்ட் (ஒரே நோயாளியைப் பற்றிய கட்டுரை) எழுதுவதானால் நோயாளியின் சம்மதக் கையெழுத்தை முதல் நாளே வாங்கிவிட வேண்டும், டிஸ்சார்ஜ் ஆனவரைத் தேடிப் பிடிக்க முடியாது. பல கல்லூரிகளில் ஓ.எம்.எம். ஃபெலோ என்று ஒரு வருஷம் கூடுதலாக இருந்து பாடம் நடத்தி, ஆராய்ச்சியும் செய்யும் வாய்ப்பு உண்டு. ஒரு வருஷம் வீணா என்று நீங்கள் கேட்பீர்கள். வீணில்லை.

அந்தப் பணம் வாங்கும் ஆள் விஷயம். நல்ல ஜர்னல்களும் கட்டணம் வாங்குவதுண்டு, ஆனால் நிபுணர்கள் படித்து ஏற்றுக்கொண்ட பிறகு, கட்டுரை எழுதியவரிடம். இவர் விற்பது எழுதாத கட்டுரையில் பெயர், அது மோசடி. என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கி ஒரு மெயில் வந்தது, அவள் அப்போது முதல் வருஷம். சந்தோஷத்தில் தன் சொந்தக் கட்டுரையை அனுப்பினாள், நான்கே நாளில் ஏற்பு, பின்னாலேயே பில். சந்தேகம் வந்து திரும்பக் கேட்டபோது விலக்கிக்கொள்ளவும் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தத் தளத்தில் ஏறிவிட்டதால் வேறு ஜர்னல் எதுவும் அதைத் தொடவில்லை. ஒன்றரை வருஷ உழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பேசட்டும் அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.