தூண்டில் பெட்டி: பெயர் தெரியாத பழைய லூர் பாகங்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

மிச்சிகனில் ஒரு வீட்டு விற்பனையில் சுருட்டுப் பெட்டி நிறையப் பழைய லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) பாகங்கள் வாங்கினேன். தூண்டில் முள் கழன்ற மூன்று மர உடல்கள், வளைந்த சிறு தகடுகள், குட்டிக் கிண்ணம் போன்ற உலோகத் துண்டுகள், பெயரில்லாத ப்ரொப்பெல்லர்கள் (நீரில் சுழலும் சிறு இறக்கைகள்). எதிலிருந்து தொடங்குவது? – டெட்ராய்ட் வாசகர்

நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். வீட்டிலேயே வண்ணம் பூசிக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. முள்ளும் சாட்சி ஆகாது. துருப்பிடித்தால் கழற்றிப் புதிது மாட்டிவிடுவார்கள். எளிதில் மாறாதது, முள்ளை உடலோடு பூட்டிய விதம்தான். பூட்டே விழுந்துவிட்டாலும் அதன் தடம் மரத்தில் இருக்கும்.

உங்கள் மாநிலத்துச் சரக்கு என்பதால் டோவாஜாக் ஊரின் ஹெடன் கம்பெனியை முதலில் சோதியுங்கள். 1900களின் தொடக்கத்தில், மரத்தில் ஒரு குழி தோண்டி, அதில் உலோகக் கிண்ணத்தை இறக்கி, நடுவில் வளையத் திருகைப் போட்டு முள்ளை மாட்டினார்கள். முள் ஆடி ஆடி வண்ணத்தைச் சுரண்டாமல் கிண்ணம் காத்தது. உங்களிடம் உள்ள கிண்ணங்கள் இந்த வகையாக இருக்கலாம். 1917 வாக்கில் ‘எல்’ வடிவத் தகடு வந்தது. 1930களில் இரண்டு துண்டுப் பூட்டும், பிறகு நடுவில் குறுக்குப் பட்டை உள்ள ஒற்றைத் துண்டுப் பூட்டும் வந்தன. 1940களில் குழியே இல்லாமல் மேற்பரப்பிலேயே திருகும் வகை. ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஏனென்றால் மிச்ச ஸ்டாக் தீரும்வரை பழைய பூட்டையே போட்டிருப்பார்கள். வரிசை மட்டும் மாறாது.

அடுத்து ஓட்டைகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு இரண்டு, வாலில் ஒன்று என ஐந்து முள் இடங்கள் இருந்து, மரத்தின் நீளம் 3¾ அங்குலம் வந்தால், அது ஹெடனின் 150 எண் வகையோடு ஒத்துப்போகும். நீளம் அளக்கும்போது மரத்தை மட்டும் அளக்க வேண்டும். உதட்டுத் தகட்டையும் (லூரின் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) வளையங்களையும் சேர்த்து அளந்துவிட்டு, பழைய கேட்லாக் அளவோடு ஒத்துவரவில்லை என்று குழம்புகிறவர்கள் நிறைய. வெர்னியர் அளவுகோலில் மில்லிமீட்டர் எடுத்து 1.6ஆல் வகுத்தால் 1/16 அங்குலக் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும்.

குழி இருந்த இடத்தில் மக்கு அடைத்து, அதன்மேல் மேற்பரப்புப் பூட்டு திருகியிருந்தால் அந்த உடல் பின்னால் ‘மறுபிறவி’ எடுத்தது. கூட்டல் குறித் தலையுள்ள திருகு இருந்தால் அந்தத் திருகு 1930களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. வண்ண விரிசலையும் லென்சில் பாருங்கள். காலத்தால் வெடித்த பூச்சில் விரிசல் மேலே தெரியும். மேலே பூசிய வண்ணம் விரிசலுக்குள்ளேயே வழிந்து இறங்கியிருந்தால் பூச்சு புதிது.

பெயரில்லாத ப்ரொப்பெல்லரை வைத்து மட்டும் கம்பெனி சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒரே கடையிலிருந்து பல கம்பெனிகள் வாங்கியதுண்டு. உலோகம் எது என்று மட்டும் பார்த்து வையுங்கள். சாதாரண ஃபிரிட்ஜ் காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை. வலுவான நியோடிமியம் காந்தம் வேண்டாம், அது நிக்கல் முலாமையே லேசாக இழுத்து உங்களை ஏமாற்றும்.

ஒரு உதட்டுத் தகட்டில் 1920 செப்டம்பர் 7 என்று தேதி இருக்கிறது. அப்படியானால் இந்த லூருக்கு நூறு வயதுதானே? இன்னொரு பிளாஸ்டிக் உடலில் 120 ஆயிரத்தில் தொடங்கும் ஒரு எண். அதைத் தேடினால் 1871ஆம் ஆண்டுக் காப்புரிமை வருகிறது! – சான் ஹோசே வாசகி

முதல் தகடு இண்டியானா மாநிலம் கேரெட் ஊரின் க்ரீக் சப் கம்பெனியுடையது. அந்தத் தேதி உதட்டுத் தகட்டுக்கான காப்புரிமை கிடைத்த நாள். தகடு செய்த நாள் அல்ல. அதே அச்சை வைத்துப் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே அது தரை வரம்பு: 1920க்கு முன்னால் இருக்க முடியாது, பின்னால் எவ்வளவு தூரமும் போகலாம். கண்ணாடிக் கண்ணா, ஆணிக் கண்ணா, வெறும் வண்ணப் புள்ளியா என்று பார்த்துத்தான் மேல் வரம்பைச் சுருக்க வேண்டும். பல கம்பெனிகள் 1940களில் கண்ணாடிக் கண்ணைக் கைவிட்டன.

எண்ணே இல்லாமல் வெறும் தேதி மட்டும் இருப்பதும் ஒரு துப்பு. 1927 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கிய காப்புரிமைகளுக்கு எண்ணைக் குறித்தாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் மாறியது. தேதி மட்டும் இருந்தால், காப்புரிமை அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் இரண்டாவது எண் வடிவக் காப்புரிமை எண். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு எண் வரிசை, தோற்றத்துக்கு வேறொரு வரிசை. நீங்கள் முதல் வரிசையில் தேடிவிட்டீர்கள். 1871இல் இந்தப் பிளாஸ்டிக் ஏது? எண்ணுக்கு முன்னால் ‘டி’ எழுத்தைச் சேர்த்துத் தேடுங்கள், 1940களுக்கு வரும்.

முதல் வரிசைக்கு இந்த எல்லைக் கற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1920 தொடக்கத்தில் 1,326,899, 1930இல் 1,742,181, 1940இல் 2,185,170, 1950இல் 2,492,944. எண் பாதி அழிந்திருந்தாலும் முதல் மூன்று இலக்கம் கிடைத்தால் பத்தாண்டு தெரிந்துவிடும். அழிந்த முத்திரைமேல் மெல்லிய காகிதம் வைத்து 4பி பென்சிலைப் படுக்க வைத்து உரசுங்கள். அல்லது துளி டால்கம் பவுடரைத் தேய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும்.

எண்ணே இல்லையென்றால் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் வார்த்தையை நம்ப வேண்டாம். பழைய தாள்களை இயந்திரம் படித்ததில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். செயற்கை இரைக்கான வகை எண் ஏ01கே 85 கொடுத்து, ஆண்டு வரம்பு போட்டு, படங்களை மட்டும் புரட்டுங்கள். படத்தில் ஒப்பிட வேண்டியது மூட்டுகளை. மீன் உருவம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழைய பிளாஸ்டிக் உடல் ஒன்று பிசுபிசுக்கிறது, ஒரு மாதிரி வாடையும் அடிக்கிறது. சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியுமாமே? – திருச்சி வாசகர்

வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்தாலே போதும். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. புளித்த காடி வாடை வந்தால் செல்லுலோஸ் அசிடேட். அமெரிக்க லூர்களில் டெனைட் என்ற பெயரில் புழங்கிய பிளாஸ்டிக் இந்தக் குடும்பம்தான். இரண்டுமே கெடத் தொடங்கினால் திருப்ப முடியாது. கெட்டதிலிருந்து வரும் ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல பாகங்களின் உலோகத்தையும் அரிக்கும். காற்றாடும் அட்டைப் பெட்டியில் தனியாக வையுங்கள், ஜிப் கவரில் போட்டு அடைக்காதீர்கள். ஒட்டவோ துடைக்கவோ அசிட்டோன் எடுக்காதீர்கள், உடலே கரையும்.

ரப்பர் புழுவையும், லூரில் பாவாடை போல் தொங்கும் நூல்களையும் தனியாகப் பிரித்து வையுங்கள். பிசுக்கு அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம்.

ஜிட்டர்பக் லூருக்கு உதடு உலோகம்தானே? என்னிடம் உள்ளதில் பிளாஸ்டிக். போலியா? – கொழும்பு வாசகர்

போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது அக்ரான் ஊர் ஆர்போகாஸ்ட் கம்பெனி பிளாஸ்டிக் உதடுதான் போட்டது. சேகரிப்பவர்கள் தேடுவதே அதைத்தான். திருகுத் தலையில் புதுக் கீறல் இருக்கிறதா, உதட்டின் ஓரம் மரத்தில் விட்ட அழுத்தத் தடம் இந்த உதட்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தாத்தாவின் எஸ்டேட் பெட்டியில் கனமான முட்டை வடிவத் தகடுகள், ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் வெள்ளி நிறம். ஒன்றில் கலைமான் முத்திரை. இன்னும் சில மெல்லிய இலைகள், ஒரே ஓட்டையோடு. புளி போட்டுத் தேய்க்கலாமா? – குன்னூர் வாசகி

புளியைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் அமிலம் முலாமையும், படிந்திருக்கும் பழைய கறையையும் சேர்த்து எடுத்துவிடும். தேய்ந்த முத்திரை இன்னும் மங்கும். இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மென்மையான பல்துலக்கி, உடனே துடைத்து நிழலில் உலர்த்தல், அவ்வளவு போதும்.

கலைமான் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ஆல்காக் கம்பெனியின் முத்திரை. தடிமனும் இரு முனையிலும் ஓட்டையும் இருந்தால் அது ஸ்பூன், அதாவது கரண்டி போன்ற உலோக லூர். அந்தக் கனத்தில் உள்ளவை காவிரி, பவானிப் பக்கம் மஷீர் கெண்டைக்காகத் துரைமார்கள் கொண்டுவந்த வகையாக இருக்க வாய்ப்புண்டு. மஷீரின் தாடை மெல்லிய முள்ளை நசுக்கிவிடும். ஆகவே வளையமும் முள்ளும் தடிப்பாக இருந்தால் அந்த ஊகம் பலப்படும்.

ஒரே ஓட்டை உள்ள இலை, கம்பியைச் சுற்றிச் சுழலும் ஸ்பின்னரின் பாகம். கிட்டத்தட்ட வட்டமானது கொலராடோ, நீர்த்துளி வடிவம் இண்டியானா, நீண்டு ஒல்லியானது வில்லோ இலை. இலையிலேயே ஒரு கால் வெட்டி மடித்து, இலையைப் பிடிக்கும் கவ்வி இல்லாமல் நேரே கம்பியில் கோத்திருந்தால் ஜூன் பக். இவை வடிவத்தின் பெயர்கள், எல்லாக் கம்பெனியும் செய்தவை. கம்பெனி தெரிய முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். புல்டாக் நாய் இருந்தால் அக்ரானின் ஃப்ளூகர். வரிவரியாகப் பள்ளம் ஓடி, 1874 என்று தேதியும் இருந்தால் நியூயார்க் மாநிலம் கிளேட்டன் ஊர் ஸ்கின்னர்.

எதையும் பிரித்துச் சுத்தம் செய்வதற்கு முன், இருக்கிற நிலையிலேயே இரு பக்கமும் ஸ்கேலோடு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். முத்திரை படத்தில் தெளிவாக விழாவிட்டால் பென்சில் உரசல் காகிதத்தையே மடிக்காமல் அனுப்பலாம்.