ஆன்டிபாடி அதிகமாக இருந்தும் மறுபடி கோவிட் வந்தது ஏன்?

வணக்கம். அம்மாவுக்கு 2021 மே மாதம் டெல்டா, அப்புறம் கோவிஷீல்டு இரண்டு டோஸ், லேபில் ஆன்டிபாடி (வைரஸில் ஒட்டி அதைத் தடுக்க நம் உடல் உண்டாக்கும் புரதம்) அளவும் அதிகம். இருந்தும் 2022 ஜனவரியில் மறுபடி பாசிட்டிவ், அப்படியானால் டெஸ்ட் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்யில்லை. ஆனால் இந்த டெஸ்டுகள் பொதுவாக அளந்தது வூஹானில் தோன்றிய பழைய வைரஸின் ஸ்பைக் புரதத்தில் (வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருப்பது) ஒட்டும் ஆன்டிபாடியை. ஜனவரியில் வந்தது பெரும்பாலும் ஒமிக்ரானாக இருக்கும்.

அதன் ஸ்பைக்கில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஏறக்குறைய பாதி, நம் செல்லின் ஏசிஇ2 ஏற்பியை (வைரஸ் உள்ளே நுழையும் வாசல்) பிடிக்கும் பகுதியிலேயே இருக்கின்றன. ஸ்பைக் புரதச் சங்கிலியின் 501ஆம் இடத்து மாற்றம் (முந்தைய ஆல்ஃபா வகையிலேயே இருந்ததுதான்) அந்தப் பிடியை இறுக்குகிறது. 484ஆம் இடத்து மாற்றம் பழைய ஆன்டிபாடிகள் பலவற்றை ஒட்டவிடாமல் செய்கிறது. டெல்டாவின் வழி வேறு: 681ஆம் இடத்து மாற்றத்தால் அதன் ஸ்பைக் எளிதாக வெட்டுப்பட்டு, வைரஸ் செல்லோடு சட்டென்று இணைந்தது.

அதற்காக ஊசி வீண் என்று நினைக்காதீர்கள். நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் வைரஸ் புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகள் பலவற்றை அடையாளம் காண்பவை. அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை ஒமிக்ரானிலும் மாறவில்லை. தொற்றைத் தடுக்காவிட்டாலும், தொற்றிய செல்களை டி செல்கள் அழிக்கும். லேப் ரிப்போர்ட்டில் இது தெரியாது. இந்த முறை வெறும் காய்ச்சலோடு போனதில் அவற்றுக்கும் பங்கு இருக்கும். ஒமிக்ரான் நுரையீரலைவிட மேல் மூச்சுப்பாதையில் நன்றாகப் பெருகுவதும் ஒரு காரணம்.

மறுபடி ஆன்டிபாடி டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்களே, அடுத்த டோஸ் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.