36,000 ரூபாய் மெத்தையா, 13,500 ரூபாய் மெத்தையா?

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய் வருகிறது. வாடகை வீடு, ஆறு வயதில் ஒரு மகள். கல்யாணத்தின்போது வாங்கிய காயர் மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது. காலையில் எழுந்தால் மனைவிக்கு இடுப்பு வலி. கடையில் 8 இன்ச் மெமரி ஃபோம் மெத்தை ஒன்றைக் காட்டினார்கள். விலை 52,000, தள்ளுபடி போக 36,000. கிரெடிட் கார்டில் மாதம் 3,000 வீதம் 12 மாதம் கட்டலாம், வட்டி கிடையாது என்கிறார்கள். ஆன்லைனில் 6 இன்ச் 'ஆர்த்தோ' மெத்தை 13,500-க்குக் கிடைக்கிறது. 10 வருட வாரண்டி, 100 இரவு படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமாம். போடியில் இருக்கும் அம்மாவோ இலவம்பஞ்சு மெத்தைதான் உடம்புக்கு நல்லது என்கிறார். அடுத்த மாதம் தீபாவளி போனஸ் 35,000 வரும். கார்டில் 41,000 பாக்கி இருக்கிறது, எட்டு மாதமாக மினிமம் தொகை 2,000 கட்டி வருகிறேன். எந்த மெத்தையை வாங்கலாம்?

பதில்: இந்த இரண்டில் 13,500 ரூபாய் மெத்தையை வாங்குங்கள். போனஸ் வந்த பிறகு, கார்டைத் தொடாமல் வாங்குங்கள். ஏன் என்று சொல்ல, உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 41,000 ரூபாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பாக்கி வைத்தால் பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி விழும். உங்கள் பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 3.5 என்றே வைத்துக்கொண்டால் 41,000-க்கு மாத வட்டி 1,435 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 258. ஆக, மாதம் ஏறத்தாழ 1,690. நீங்கள் கட்டுகிற 2,000-இல் அசலைக் குறைப்பது 300 ரூபாய்தான். எட்டு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். வட்டியும் வரியுமாக 13,500 ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கும். நீங்கள் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் மெத்தைக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது, மெத்தை மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

இந்தக் கார்டிலேயே 36,000 ரூபாய் மெத்தையையும் வாங்கினால் என்ன ஆகும்? மாதத் தவணை 3,000 அப்படியே மினிமம் தொகையில் ஏறும். இப்போது 2,000 கட்டுகிற இடத்தில் 5,000 கட்ட வேண்டிவரும். கட்டினாலும் பழைய 41,000 கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. போன மாத பில்லை முழுதாகக் கட்டாத கார்டில் 45, 50 நாள் வட்டியில்லாத அவகாசம் என்பதே கிடையாது. தீபாவளிக்கு அதே கார்டைத் தேய்த்துத் துணி எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

'வட்டி இல்லாத தவணை' பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்கி தன் வட்டியை விடுவதே இல்லை. அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ நிறுவனமோ விலையில் கழித்து ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். வருடம் 15 சதவீதம் என்று கணக்கிட்டால் உங்கள் 36,000-க்குள் சுமார் 2,760 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி, ஏறத்தாழ 500 ரூபாய், உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக, வட்டியில்லாத கடனுக்கு 730 ரூபாய்க்கு மேல் செலவு. இந்த மாதிரிப் பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியை வேறு கட்டணத்துக்குள் மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொன்னது. அதற்குப் பிறகு வடிவம் மாறியதே தவிரக் கணக்கு மாறவில்லை. எந்தக் கடையிலும் இஎம்ஐ பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்னால், "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். தவணைக்காக அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த தொகையைத்தான் அப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

52,000-இலிருந்து 36,000 ஆன தள்ளுபடியையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெத்தையின் மேல் ஒட்டியிருக்கிற எம்ஆர்பிக்கு யாரும் மெத்தை வாங்கி நான் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடி போனால் தீபாவளித் தள்ளுபடி, அது போனால் பொங்கல். வீட்டில் கொண்டுவந்து இறக்கும் கூலி உட்பட நீங்கள் கடைசியில் கொடுக்கும் தொகை ஒன்றுதான் விலை.

சரி, போனஸை எப்படிப் பிரிப்பது? 20,000-ஐக் கார்டில் கட்டுங்கள், 15,000-ஐ மெத்தைக்கு ஒதுக்குங்கள். மீதி 21,000 பாக்கி நிற்கும். மாதம் 5,000 கட்ட நீங்கள் எப்படியும் தயாராகத்தானே இருந்தீர்கள்? அதே 5,000-ஐ இந்தப் பாக்கிக்குக் கட்டினால் ஐந்து மாதத்தில் கார்டு சுத்தமாகிவிடும். நடுவில் அந்தக் கார்டில் எதுவும் வாங்கக் கூடாது. மீதிப் பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தருவார்களா என்று வங்கியிடம் கேளுங்கள், பல வங்கிகள் செய்கின்றன.

வெறும் கணக்காகப் பார்த்தால் 35,000 முழுவதையும் கார்டுக்குத்தான் கட்டச் சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி தினமும் ஏழெட்டு மணி நேரம் அந்தக் குழியில் படுக்கிறார். 13,500 ரூபாய் மெத்தை ஏழு வருடம் உழைத்தால் ஓர் இரவுக்கு ஐந்தேகால் ரூபாய், இது வீண் செலவில்லை. ஏழு வருடம் என்பது என் கணிப்பு. வாரண்டி அட்டையில் இருக்கும் 10 வருடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு சோதனை, செலவில்லாதது. பழைய மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டுப் படுங்கள். வலி குறைந்தால் குற்றவாளி கட்டில் பலகையாக இருக்கலாம். வருடங்கள் போகப்போகப் பிளைவுட் நடுவில் வளைந்துவிடுவதுண்டு. அதன் மேல் லட்ச ரூபாய் மெத்தையைப் போட்டாலும் வளையத்தான் செய்யும். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றவோ, அடியில் இரண்டு சட்டம் அடிக்கவோ மெத்தை விலையில் சிறு பங்குதான் ஆகும். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ முதல் செலவு மருத்துவருக்கு. மெத்தை அப்புறம்.

'ஆர்த்தோ' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். அது விற்பனைப் பெயர். இடுப்பு வலிக்குக் கல் மாதிரி மெத்தைதான் நல்லது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கடினமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. நடுத்தரம் எது என்பது படுப்பவரின் எடையைப் பொறுத்தது. அதனால்தான் 100 இரவு சலுகையை நான் மதிக்கிறேன். கடையில் செருப்பைக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்து இரண்டு நிமிடம் அமுக்கிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது.

மெமரி ஃபோமை நாசாவுக்காக உருவாக்கினார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உண்மைதான், 1960-களில் விமான இருக்கைகளுக்காக. மதுரை மே மாதத்தில் ஏசி இல்லாத அறைக்கு என்று உருவாக்கவில்லை. உடம்புச் சூட்டில் இளகி உடம்பைச் சுற்றி அமுங்குவதுதான் அதன் குணம், ஆகவே சூட்டைப் பிடித்து வைக்கும். ஏசி அறையில் படுப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இன்னொன்று, 8 இன்ச் மெமரி ஃபோம் என்றால் எட்டு இன்ச்சும் அது என்று அர்த்தமில்லை. மேலே ஓர் இன்ச்சோ இரண்டு இன்ச்சோ இருக்கும், அடியில் சாதாரண ஃபோம். எந்த அடுக்கு எத்தனை இன்ச், எந்த டென்சிட்டி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். 75க்கு 60 இன்ச், 6 இன்ச் உயரம் என்றால் அந்த மெத்தையின் கொள்ளளவு 0.44 கன மீட்டர். முழுக்க 32 டென்சிட்டி ஃபோம் என்றால் உறை இல்லாமல் 14 கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 17 கிலோவுக்கு மேல். எட்டு ஒன்பது கிலோதான் இருக்கிறது என்றால் அது இரண்டு வருடத்தில் குழி விழுகிற சரக்கு. ஆன்லைனில் எடையைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. துண்டு ஃபோம்களைத் தூளாக்கி ஒட்டவைத்துச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் 80, 100 டென்சிட்டி வரும், மெத்தையும் கனமாக இருக்கும். அடி அடுக்காக அது இருப்பதில் தவறில்லை. ஆனால் அந்த 100-ஐக் காட்டி, "40-ஐவிட இது ஒசத்தி சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வேறு வேறு பொருள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இலவம்பஞ்சு வேர்வைக்கு நல்லது. அமுங்கிப்போனால் பிரித்து, காயவைத்து, பஞ்சை அடித்து, வேறு துணியில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஃபோம் மெத்தையில் அந்த வசதி இல்லை, கெட்டால் கழிவுதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட வேண்டும். அது ஓரிடத்தில் ஒதுங்கிக் கட்டி கட்டும், இடுப்பு வலிக்காரருக்கு அது சரிவராது. உங்கள் மகளுக்கு ஒன்று போடுங்கள். போடிப் பக்கம் இலவம்பஞ்சு விளைகிற ஊர். அம்மா வீட்டில் பழைய மெத்தை சும்மா கிடந்தால் அந்தப் பஞ்சே போதும், துணியும் கூலியும்தான் செலவு. புதுப் பஞ்சு வாங்கினால் கிலோ விலை பேசி, எடைபோட்டு, உங்கள் கண் முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். மில் கழிவுப் பஞ்சைக் கலப்பது பழைய வித்தை.

ஆர்டர் போடும் முன் கட்டிலின் உள் அளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை 'கிங் சைஸ்தானே' என்று 78 இன்ச் மெத்தையை வாங்கிவந்தேன். கட்டிலின் உள்நீளம் 75. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். ஒன்றரை வருடம் கால்மாட்டில் மெத்தை தூக்கிக்கொண்டே நின்றது, வீட்டில் பேச்சும் வாங்கினேன். ஆசாரி செய்த கட்டில்கள் 72, 75, 78 என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கும். அளவு சொல்லிச் செய்யச் சொன்னால் திருப்பிக் கொடுக்கும் சலுகை பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் மூன்று இடங்களைப் படித்தால் போதும். எத்தனை இன்ச் குழி விழுந்தால் ஏற்பார்கள், எத்தனையாவது வருடத்திலிருந்து புது மெத்தை விலையில் நீங்கள் பங்கு தர வேண்டும், கறை பட்டால் என்ன. கடைசியில் சொன்னதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. காபிக் கறையோ குழந்தையின் மூத்திரக் கறையோ இருந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் 1,500-இல் தண்ணீர் இறங்காத உறை ஒன்றை முதல் நாளே வாங்கிப் போடுங்கள். உங்கள் ஊருக்கே வந்து எடுத்துப்போவார்களா, பணமாகத் தருவார்களா கூப்பனாகவா என்பதையும் பார்த்துவிடுங்கள். சொன்னபடி செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.

பணத்தை யுபிஐ வழியாகவோ டெபிட் கார்டிலோ கட்டுங்கள். மெத்தை வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணி, 85-ஆவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்று காலை மனைவியிடம் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் வலிக்கிறது என்றால் திருப்பி அனுப்ப உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கும்.