வாசகர் கேள்வி: பச்சை விளக்கு எரிந்தும் பக்கம் திறக்கவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். இரண்டு நாளாக மோடம் விளக்குகள் பச்சையாகவே எரிந்தாலும், எந்த இணையத்தளத்தைத் தேடினாலும் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்றே வருகிறது. மகளுக்குப் பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு நெருங்குகிறது. புதிய மோடம் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, அவசரப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம். தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாடு 1983இல் உருவானது. அது பதில் தராவிட்டால், கம்பியில் குறையே இல்லாதபோதும் பக்கம் திறக்காது. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் நிலைமை மாறாவிட்டால், கணினியின் கட்டளைச் சாளரத்தில் (Command Prompt) 'ping 8.8.8.8' எனத் தட்டிப் பாருங்கள். பிங் என்பது அந்த எண்முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை. பதில் வந்தால் இணைப்பு உயிரோடிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பெயர் தேடுவதில்தான். அப்போது மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், டிஎன்எஸ் என்ற இடத்திலுள்ள பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு (இதை மறந்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு), கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 ஆகிய டிஎன்எஸ் எண்களை இட்டுச் சேமியுங்கள். பிங்குக்குப் பதிலே வராவிட்டால், சேவை நிறுவனத்தை அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை மகள் கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து படிக்கட்டும்.